எழுதியது ஏஐ, பதில் சொல்ல வேண்டியது நீங்கள்

கேள்வி:

அக்கா, எனக்கு குலசேகரம் பக்கம். பி.காம். முடித்துவிட்டு நாலு வருடமாக ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரப்பர் பால் எடை, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்), ஷீட், ஒட்டுப்பால், முன்பணம் எல்லாம் நோட்டில்தான் இருந்தது. போன வருடம் ஏஐயிடம் தமிழிலேயே கேட்டுக் கேட்டு இதற்கென்று ஒரு செயலி செய்தேன். நிரல் எழுத எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. ஆனாலும் வேலை செய்தது. மற்ற கடைகளுக்கும் பயன்படட்டும் என்று நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஓப்பன் சோர்ஸாகப் போட்டேன். நாலைந்து கடைகள் பயன்படுத்துகின்றன.

இப்போது பாறசாலைப் பக்கமிருந்து ஒருவர், "டிஆர்சி 33 போட்டாலும் 33.6 போட்டாலும் ஒரே தொகைதான் வருகிறது" என்று எழுதியிருக்கிறார். ஏஐயிடம் மூன்று முறை சரிசெய்யச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்கிறது, வேறொன்று கெட்டுப்போகிறது. ஊர்வாரிப் பட்டியலில் கொல்லங்கோடு இரண்டு தடவை வருகிறது. அதற்கு வழி தேடப் போனபோது, தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரல் தொகுப்பில் குறை இருப்பதாக ஏஐ சொன்னது. திருத்தமும் அதுவே எழுதித் தந்தது, 23 கோப்பு, 1,400 வரி. அப்படியே அனுப்பினேன். அதைப் பராமரிப்பவர் இரண்டு கேள்வி கேட்டார். ஏஐ சொன்ன பதிலை ஒட்டினேன். "உங்களுக்கே புரியாததை எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?" என்று எழுதி மூடிவிட்டார். இரண்டு நாள் தூக்கமில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பது இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தானா அக்கா? செயலியை அழித்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அழிக்க வேண்டாம். ஆனால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் கிட்ஹப்பைத் திறந்து செயலியின் நிரல் இருக்கும் உங்கள் களஞ்சியத்தை 'பிரைவேட்' ஆக்கிவிட்டு வாருங்கள். நீங்கள் அனுப்பிய இணைப்புக்குப் போய் இரண்டு இரவு உட்கார்ந்து நிரல் முழுவதையும் படித்தேன். அதில் 'மாதிரி' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. பெயர்தான் மாதிரி, உள்ளே இருப்பது உங்கள் கடையின் உண்மைக் கணக்கு. பால் கொண்டுவருகிறவர்களின் பெயர், கைபேசி எண், யார் எவ்வளவு முன்பணம் வாங்கி இன்னும் அடைக்காமல் இருக்கிறார் என்பது வரை எல்லாம் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஏதாவது தரவு வேண்டும் என்று ஏஐ கேட்டிருக்கும், நீங்கள் கையிலிருந்ததைக் கொடுத்திருப்பீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மகள் கல்யாணத்துக்குக் கடையில் கை நீட்டிய ஒரு மனிதரின் கடன் ஊருக்கே தெரியும்படி கிடக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது கடைக்கும் அவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷயம்.

அந்தக் கோப்பை மட்டும் அழித்தால் போதாது. கிட் என்ற கருவியின் வேலையே பழையதை மறக்காமல் வைத்திருப்பது. இன்று நீக்கினாலும் நேற்றைய பதிவில் அது இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். பழைய வரலாற்றைச் சுத்தம் செய்யக் கருவிகள் உண்டு, ஆனால் உங்களுக்கு எளிய வழி வேறு. கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும் போட்டு ஒரு மாதிரிக் கோப்பு தயார்செய்து, பழைய வரலாறு இல்லாமல் புதிதாக ஒரு களஞ்சியம் தொடங்குங்கள். உங்கள் களஞ்சியத்தை ஃபோர்க் செய்தவர்கள் இருந்தால், நீங்கள் பிரைவேட் ஆக்கிய பிறகும் அவர்களுடைய நகல் பொதுவிலேயே இருக்கும். அவர்களுக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள். கடை முதலாளியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், வேறொருவர் வாயிலாக அவர் அறிய வேண்டாம். இனி ஏஐயிடம் எதைக் கேட்டாலும் உண்மையான பெயரையும் எண்ணையும் அதில் ஒட்டாதீர்கள்.

அடுத்தது டிஆர்சி. டிஆர்சியை உள்வாங்கும் வரியில் 'பார்ஸ்இன்ட்' என்றொரு கட்டளை இருக்கிறது. உங்கள் செயலி எழுதப்பட்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் அது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். 33.6 போனாலும் 33, 33.9 போனாலும் 33. முழு எண்ணுக்கு அது சரியான கட்டளைதான். இங்கே வர வேண்டியது 'பார்ஸ்ஃப்ளோட்'.

ஒரு சொல்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளை வைத்திருக்கும் ஒருவர் 40 கிலோ பால் கொண்டுவருகிறார். டிஆர்சி 33.6 என்றால் உலர் ரப்பர் 13.44 கிலோ. உங்கள் செயலி 13.20 கிலோ என்று போடுகிறது. விலை கிலோவுக்கு 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு அவருக்கு 43 ரூபாய் 20 பைசா குறைகிறது. வருடத்தில் நூறு நாள் பால்வெட்டு என்றால் 4,320 ரூபாய். இந்தப் பிழை ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் காட்டுவதில்லை. எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது, வாங்குகிறவருக்கு லாபம், பால் கொண்டுவருகிறவருக்கு நட்டம். நாலைந்து கடைகளில் எத்தனை மாதமாக இப்படிச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் கெட்டது. என் அப்பாவும் கேன் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், கடைக்காரர் சொன்ன எண்ணை நம்பிப் பணம் வாங்கியவர்தான்.

ஏஐ மூன்று முறையும் என்ன செய்தது என்பது உங்கள் பதிவுகளில் தெரிகிறது. முதல் தடவை திரையில் காட்டும் இடத்தில் ஒரு புள்ளியும் சுழியமும் சேர்த்தது, 33 என்பது 33.0 ஆனது. இரண்டாம் தடவை கடைசித் தொகையை முழுமையாக்கும் விதத்தை மாற்றியது. மூன்றாம் தடவை முன்பணக் கழிப்பையே திருப்பி எழுதிவிட்டது, அதனால்தான் வேறொன்று கெட்டது. எண் உள்ளே வரும் வாசலை அது பார்க்கவே இல்லை, பார்க்கச் சொல்ல உங்களுக்கும் தெரியவில்லை. 'சரிசெய்' என்று மட்டும் சொன்னால் அது எதையாவது மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றுதான் சொல்லும். நோட்டில் மாதக் கடைசிக் கூட்டல் பிசகினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எந்த வரியில் பிசகியது என்று ஒவ்வொன்றாக மேலே ஏறுவீர்கள். நிரலிலும் அதே வேலைதான். "40, 33.6, 180 என்று கொடுக்கிறேன். எண் உள்ளே வருவதிலிருந்து தொகை வெளியே போகும்வரை ஒவ்வொரு வரியிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டு" என்று கேட்டுப்பாருங்கள். 33.6 எந்த வரியில் 33 ஆகிறது என்று உங்கள் கண்ணிலேயே படும். கணக்கு எழுதுகிறவர் கண்ணில் இது படாமல் போகாது.

இன்னொன்று, பணத்தை ரூபாயும் தசமமுமாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று சொல்லும். கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் வைத்திருப்பதால் வருவது இது.

கொல்லங்கோடு இரட்டிப்பது உங்கள் தவறும் இல்லை, அந்தத் தொகுப்பின் தவறும் இல்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'-வும் 'ொ' என்ற ஒரே குறியும் ஒரு விதம். 'க', ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக வைப்பது இன்னொரு விதம். 'கோ'-வும் அப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு கடையில் ஒரு விசைப்பலகையில் அடித்த கொல்லங்கோடும், எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய கொல்லங்கோடும் உங்கள் பட்டியலில் இரண்டு ஊராக நிற்பது இதனால்தான். ஒப்பிடுவதற்கு முன் 'நார்மலைஸ்' என்ற கட்டளையை ஓட்டினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு வரி வேலை.

நீங்கள் அனுப்பிய 1,400 வரியில் அந்த ஒரு வரி இல்லை. மாறாக, எழுத்துகளை எண்ணும் பகுதியை ஏஐ 'மேம்படுத்தி' இருந்தது. அந்த மேம்பாட்டின்படி 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு துண்டுகளை எண்ணினால் ஐந்துதான் வரும். த, மி, ழ் என்று மூன்றெழுத்தாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய தொகுப்பு அது. அந்த வேலையைத்தான் உங்கள் திருத்தம் கலைக்கப் பார்த்தது. வரிசைப்படுத்துவதும் இப்படியே. யூனிகோடு எண் வரிசையில் ல, ள, ழ, வ என்று வரும், நம் நெடுங்கணக்கில் ல, வ, ழ, ள. தமிழ்த் தொகுப்புகளின் உயிர் இந்த மாதிரி நுணுக்கங்களில் இருக்கிறது. ஏஐ அதிகம் படித்திருப்பது ஆங்கில நிரல்களை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு குறி, அதையே தமிழுக்கும் கொண்டுவந்துவிடுகிறது. அதைத் தடுத்து நிறுத்த தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருந்திருக்க முடியும். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து எத்தனை எழுத்து என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும்.

உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை மக்களே. நானும் சின்னதாக ஒரு தமிழ்த் தொகுப்பைப் பராமரிக்கிறேன். சம்பளம் தருகிற வேலை நாகர்கோவில் வீட்டிலிருந்தே பகலில். பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம் தொகுப்புக்கு. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு திருத்தம் வரும். அனுப்புகிறவர் ஒரு வாரம் மண்டையை உடைத்திருப்பார், நான் அரை மணி நேரத்தில் படித்துவிடுவேன். இப்போது அது தலைகீழாகிவிட்டது. அனுப்புகிறவருக்கு ஐந்து நிமிடம், எனக்கு மூன்று இரவு. எழுதுவது மலிந்துவிட்டது, படிப்பது மலியவில்லை. உங்கள் 1,400 வரியைத் திறந்த அந்த மனிதர் அன்றைய இரவை அதற்குக் கொடுத்திருப்பார். கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று நம்பித்தான் கேட்டிருப்பார். வந்த பதிலும் ஏஐயுடையது என்று தெரிந்தபோது, எதிரே ஆளே இல்லை என்று உணர்ந்திருப்பார். அவர் சொன்ன விதம் கடுமை, இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது.

இது நம் தமிழ் வட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. கர்ல் என்றொரு மென்பொருள் உண்டு. இணையத்திலிருந்து தரவு எடுத்துவர உலகம் முழுக்கக் கைபேசியிலும் காரிலும் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் அந்தப் பெயரில் அதைக் கவனித்துவருகிறார். பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுக்கும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. ஏஐ வந்தபின், இல்லாத குறையை இருப்பதாகப் பக்கம் பக்கமாக விவரிக்கும் அறிக்கைகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் பொய்யென்று நிரூபிக்கவே அவர்கள் நேரம் போனது. 2026 ஜனவரியோடு பரிசு ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார்கள். அதே கர்ல் குழுவுக்கு 2025-ல் ஓர் ஆய்வாளர் ஏஐ கருவிகளைக் கொண்டு தேடி எடுத்த பிழைப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். அவர் சரிபார்க்கத் தெரிந்தவர். அதிலிருந்து பல உண்மைப் பிழைகளை அவர்கள் திருத்தினார்கள், ஸ்டென்பெர்க் வெளிப்படையாகப் பாராட்டியும் எழுதினார். இரண்டு பக்கமும் ஏஐதான். ஒரு பக்கம் தான் அனுப்புவது உண்மையா என்று பார்த்த ஆள் இருந்தார், மறுபக்கம் இல்லை.

என் அப்பாவுக்குத் திருவட்டாறு பக்கம் ரப்பர் விளை. எனக்குப் பதினாறு வயதில் பால்வெட்டுக் கற்றுக்கொள்ள ஆசை. விடிவதற்கு முன் எழுந்து அவர் பின்னால் போவேன். முதல் மூன்று மாதம் நல்ல மரத்தில் கத்தி வைக்க விடவில்லை. மறுவருடம் முறிக்கப்போகிற கிழட்டு மரம் ஒன்றைக் காட்டி, "இதில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டு" என்றார். எனக்குக் கோபம். ஆழமாக வெட்டினால் சிரட்டை நிறையப் பால் வருகிறதே, என் வெட்டில் என்ன குறை என்று கேட்டேன். அவர் வெட்டுக்காயம் பட்ட வேறொரு மரத்தைக் கூட்டிப்போய்க் காட்டினார். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கம்தான் நெருக்கமாக இருக்கும். அதனால் ஆழமாகப் போகப் போகப் பால் கூடும். ஆனால் அதற்கு அடுத்து இருப்பது புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு. கத்தி அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பாலும் வரும். பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். வருடங்கள் கழித்து அந்தப் பக்கத்தில் திரும்ப வெட்டு வைக்கப் போகிறபோது கத்தி ஓடாது. அப்போது நிற்பது வெட்டியவர் அல்ல, வேறொருவர்.

உங்கள் சொந்தக் களஞ்சியம் அந்தக் கிழட்டு மரம். அதில் எத்தனை வேண்டுமானாலும் ஏஐயை வைத்து வெட்டிப் பழகுங்கள், கெட்டால் திருத்தலாம். பலர் நம்பியிருக்கும் தொகுப்பு பால் தருகிற மரம். அங்கே போவதற்கு முன் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் உங்கள் சொந்த வாயால் பதில் வர வேண்டும். பதில் வராத வரியை நீக்கிவிடுங்கள். 1,400 வரி ஒரே ஒரு வரியாகச் சுருங்கினாலும் அந்த ஒரு வரியை அனுப்புங்கள்.

நிரலைப் படிக்காமலே ஏஐ எழுதித் தருவதை ஏற்றுக்கொண்டு போவதற்கு 'வைப் கோடிங்' என்று பெயர். அந்தச் சொல்லை 2025 பிப்ரவரியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்ப்பதியே, வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் திட்டங்களுக்கு இது பரவாயில்லை என்றுதான் அப்போது எழுதினார். உங்களுடையது தூக்கிப்போடும் திட்டம் அல்ல. வெட்டுக்காரர் வீட்டு அரிசிக் காசு அதன் வழியாகப் போகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2004 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. அனுப்புகிற ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் 'சைன்ட் ஆஃப் பை' என்று போட்டு ஒரு மனிதர் தன் பெயரை எழுத வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது, இதற்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். ஏஐ அந்தக் கையெழுத்தைப் போடக்கூடாது, மனிதர்தான் போட வேண்டும் என்று இப்போது கெர்னலின் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஏஐ துணையோடு எழுதினால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஆனால் கையெழுத்து ஆளுடையது. கடையில் நீங்கள் எழுதுகிற சீட்டில் கால்குலேட்டர் கையெழுத்துப் போடுவதில்லையே. ஜென்டூ, க்யூஇஎம்யூ என்று இரண்டு ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள், முன்னது 2024 ஏப்ரலிலும் பின்னது 2025-லும், ஏஐ எழுதிய நிரல் வேண்டாம் என்று முடிவெடுத்தன. ஏஐ தரும் நிரல் எந்த உரிமத்தின் கீழ் வரும் என்ற தெளிவில்லாமையும் அதற்கு ஒரு காரணம். வேறு சில திட்டங்கள் ஏஐ பயன்படுத்தினால் சொல்லிவிட்டு அனுப்புங்கள் என்கின்றன. ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். பங்களிப்பு விதிகள் என்ற கோப்பு அநேகமாக இருக்கும்.

உரிமம் என்றதும் நினைவு வந்தது, உங்கள் களஞ்சியத்தில் உரிமக் கோப்பே இல்லை. நிரலைப் பார்வைக்கு வைத்தால் மட்டும் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. உரிமம் இல்லாவிட்டால் சட்டப்படி வேறொருவருக்கு அதை மாற்றவோ பகிரவோ உரிமை கிடையாது. எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரண்டு உரிமங்களையும் படித்துப் பார்த்து ஒன்றை வையுங்கள். இரண்டிலுமே 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்ற வாசகம் இருக்கும். அது சட்டத்துக்கு. கடைக்குப் பால் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்து அந்த வாசகத்தைச் சொல்ல உங்களுக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன்.

படித்தவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை, நிச்சயமாக இல்லை. தமிழில் இன்று கணினி திறக்கிறது, உலாவி திறக்கிறது என்றால் அதன் பின்னால் சொல் சொல்லாக உட்கார்ந்து மொழிபெயர்த்த தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நிரல் எழுதத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். நான் அனுப்பிய முதல் திருத்தம் ஒரே ஒரு சொல், ஒரு மெனுவில் இருந்த தப்பான தமிழ். இரண்டாவதுக்கு எட்டு மாதம் ஆயிற்று. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. லினக்ஸ், பைதான், கிட் எல்லாம் அங்கே தமிழில் படிக்கலாம், காசு வேண்டாம். ஆங்கிலம் தடையாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

'ஒரு வரிகூடத் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று நான் சொல்லட்டுமா? கேன் எடை கழிப்பது, மழை நாளில் பாலில் தண்ணீர் சேர்ந்து டிஆர்சி இறங்குவது, ஒரே ஆள் பாலும் ஒட்டுப்பாலும் சேர்த்துக் கொண்டுவந்தால் எப்படிப் பிரித்து எழுதுவது, முன்பணத்தை மொத்தமாகப் பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தவணையாகப் பிடிப்பது. இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது, நிரலில் பதினெட்டு வருட அனுபவத்தோடும் தெரியாது. ஏஐக்கும் நீங்கள் சொன்னால்தான் தெரியும். செயலி பிழைத்து நின்றதற்குக் காரணம் இந்த அறிவு. நிரல் படிக்கும் பழக்கம் மட்டும் இதோடு சேர வேண்டும்.

அதற்கு நான் சொல்லும் வழி இது. புதிதாக எதையும் சேர்க்காமல் மூன்று மாதம் இருங்கள். தினம் ஒரு பக்கம் உங்கள் சொந்த நிரலைப் படியுங்கள். புரியாத வரியை ஏஐயிடம் விளக்கச் சொல்லுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, அந்த வரி என்ன செய்கிறது என்று உங்கள் வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலி 38 வெளித் தொகுப்புகளை இழுத்துக்கொண்டு வருகிறது. பெருக்கல் கழித்தல் செய்கிற ஒரு செயலிக்கு இத்தனை தேவையில்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுத் தேவையற்றதை எடுங்கள். உண்மையிலேயே இல்லாத தொகுப்புப் பெயரை ஏஐ சில நேரம் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது கெட்ட நிரலை ஏற்றிவைத்துக் காத்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்து, பல வருடமாகப் பலர் பயன்படுத்துவதுதானா என்று உறுதி செய்யுங்கள்.

பாறசாலைக்காரருக்கு இன்றைக்கே எழுதுங்கள், ஏஐயிடம் எழுதச் சொல்லாமல் நீங்களே. "நீங்கள் சொன்ன பிழை உண்மை. டிஆர்சியில் புள்ளிக்குப் பின் உள்ளதைச் செயலி விட்டுவிடுகிறது, அதனால் விற்கிறவருக்குப் பணம் குறைகிறது. இதன் நிரலை ஏஐ கொண்டு எழுதினேன், இப்போதுதான் படிக்கப் பழகுகிறேன். திருத்தி முடிக்கும்வரை இதை வைத்துக் கணக்குத் தீர்க்க வேண்டாம்" என்ற அளவில் போதும். மற்றக் கடைகளுக்கும் அதையே சொல்லுங்கள். களஞ்சியத்தின் முகப்பிலும் அப்படியே எழுதிவையுங்கள். உங்கள் கடையில் இத்தனை மாதம் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று நோட்டில் இருக்கும் டிஆர்சியை வைத்து எடுத்துவிடலாம். அதைத் திருப்பிக் கொடுப்பது முதலாளியின் கையில், ஆனால் கணக்கைப் போட்டு அவர் மேசையில் வைப்பது உங்கள் கையில்.

அந்தப் பராமரிப்பாளருக்கு நாலு வரி மன்னிப்பு எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், பதிலும் எதிர்பார்க்க வேண்டாம். கொஞ்ச நாள் கழித்து, நிரல் எதுவும் இல்லாமல், இரண்டு விதமாக அடித்த 'கொல்லங்கோடு' இரண்டையும் சோதனைக்காக அனுப்புங்கள். உங்கள் தொகுப்பு இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்கிறதா என்று கேளுங்கள். நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களில் கொ, கோ, தொ, தோ என்று தொடங்குபவற்றை ஒரு பட்டியலாகத் தந்தாலும் நல்லது: கோட்டாறு, கொட்டாரம், தோவாளை, தொலையாவட்டம், கொல்லங்கோடு. எனக்கு அப்படி ஒரு பட்டியல் வந்தால் அன்றிரவே சேர்த்துக்கொள்வேன்.

செயலிக்கும் இதே மாதிரி சோதனைகள் வேண்டும். பழைய நோட்டிலிருந்து இருபது சீட்டு எடுங்கள். நீங்கள் கையால் கணக்குப் போட்டு, கடைக்காரரும் பால்காரரும் ஒப்புக்கொண்ட சீட்டுகள். பெயரை மாற்றிவிட்டு, எடை, டிஆர்சி, விலை, கழிவு, கடைசித் தொகை மட்டும் வையுங்கள். நிரலில் எதை மாற்றினாலும், மாற்றியது ஏஐயோ நீங்களோ, இந்த இருபதும் பைசா பிசகாமல் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே விடுங்கள். இருபதாவது சீட்டு மழைக்காலச் சீட்டாக இருக்கட்டும். முதல் சீட்டை நானே தருகிறேன்: 40 கிலோ பால், டிஆர்சி 33.6, விலை 180. வர வேண்டிய தொகை 2,419 ரூபாய் 20 பைசா.